30 கிரெடிற் எடுத்தால் போதுமா? கனடாவின் ஒன்ராறியோ மாகாண ஹைஸ்கூல் டிப்ளோமா பற்றி

கேள்வி, 26 ஜனவரி 2025

மகன் தரம் 9. அடுத்த வருடத்துக்கான பாடத்தெரிவு வந்திருக்கிறது. 30 கிரெடிற் எடுத்தால் டிப்ளோமா, டிப்ளோமா கிடைத்தால் யூனிவேர்சிற்றி. இதுதானே கணக்கு? அவனே நிரப்பட்டும், நான் கையெழுத்தை மட்டும் போட்டு விடலாம் என்று இருக்கிறேன்.

26 ஜனவரி 2025, இரவு

வேண்டாம் தங்கச்சி. மகனைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே இருக்கிற குறியீட்டைப் பாருங்கள். அதில் கடைசி எழுத்தைப் பாருங்கள். நான் ஒரு பிள்ளைக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவள். அதனால்தான் இந்த நேரத்தில் இருந்து எழுதுகிறேன்.

30 கிரெடிற் என்பது சரி. ஒரு கிரெடிற் 110 மணித்தியாலப் பாடம். 30இல் 18 கட்டாயம், 12 விருப்பம். அதற்கு மேல் 40 மணித்தியாலத் தொண்டு, தரம் 10இல் எழுத்தறிவுத் தேர்வு, இரண்டு ஒன்லைன் கிரெடிற் (இந்த ஒன்லைன் வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலகலாம்). எல்லாம் முடிந்தால் டிப்ளோமா.

யூனிவேர்சிற்றி கேட்பது வேறு. தரம் 12இல் யு அல்லது எம் என்று முடிகிற ஆறு பாடங்களை அது கேட்கும். அதில் ஆங்கிலம் யு அநேகமாக எல்லா இடத்திலும் கட்டாயம். 30 கிரெடிற்றும் எடுத்து, நல்ல புள்ளியும் எடுத்து, டிப்ளோமாவும் வாங்கி, அந்த ஆறில் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பிள்ளை வெளியே வரலாம். பள்ளிக்கூடம் அதைத் தடுக்காது. அதன் கணக்கில் பிள்ளை தேறிவிட்டது.

27 ஜனவரி 2025

எழுத்துகளைக் கேட்டிருக்கிறீர்கள். பேருந்தில் இருந்து எழுதுகிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

தரம் 9இல் இப்போது பெரும்பாலும் டபிள்யு, எல்லாரும் ஒரே வகுப்பு. தரம் 10இல் டி என்றால் அக்கடமிக், பி என்றால் அப்பிளைட், ஓ என்றால் எல்லாருக்கும் பொதுவானது. தரம் 11, 12இல் யு யூனிவேர்சிற்றிக்கு, சி கொலிஜுக்கு (இங்கே கொலிஜ் என்றால் தொழில் சார்ந்த படிப்புத் தருகிற இடம், யூனிவேர்சிற்றி இல்லை), எம் இரண்டுக்கும், ஈ நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு. ஓ அங்கேயும் பொதுவானதுதான்.

அக்கடமிக், அப்பிளைட் என்ற இந்தப் பிரிவினை தரம் 9இல் இருந்த காலம் போய்விட்டது. 2021 செப்ரெம்பரில் கணிதத்தில் எடுத்தார்கள், 2022இல் மற்றப் பாடங்களிலும் எடுத்தார்கள். ஆனால் அது இல்லாமல் போகவில்லை, ஒரு வருடம் தள்ளிப் போயிருக்கிறது. முன்பு தரம் 8 பெப்ரவரியில் போட்ட கையெழுத்தை இப்போது தரம் 9 பெப்ரவரியில் போடுகிறோம். தங்கச்சி, உங்கள் கையில் இருப்பது அந்தக் கையெழுத்துத்தான்.

28 ஜனவரி 2025

நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு திருத்தம். என் மகள் தரம் 10. அவளுடைய தாளைப் பார்த்து 18 கட்டாயம் என்று எழுதிவிட்டேன். அக்காவின் மகன் உங்கள் மகனைப் போல இந்த வருடம் தரம் 9. அவனுடைய தாளில் 17 என்று இருக்கிறது!

இரண்டும் சரி. 2024 செப்ரெம்பரிலும் அதன் பிறகும் தரம் 9 தொடங்கிய பிள்ளைகளுக்குப் புது விதி: 17 கட்டாயம், 13 விருப்பம். ஆங்கிலம் நாலு, கணிதம் மூன்று, விஞ்ஞானம் இரண்டு, கனடா வரலாறு, கனடா புவியியல், கலை, உடற்கல்வி, பிரெஞ்சு ஒவ்வொன்று, குடியியலும் தொழில் வழிகாட்டலும் ஒவ்வொன்றும் அரைக் கிரெடிற். புதிதாக வந்தது தொழில்நுட்பப் பாடம் ஒன்று, தரம் 9இலோ 10இலோ எடுக்க வேண்டும். விஞ்ஞானம், தொழில்நுட்பம், கணிதம் சார்ந்த ஒரு தொகுதியில் இருந்தும் ஒன்று. பழைய விதியில் மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்று எடுக்க வேண்டியிருந்தது, அது போய்விட்டது.

அதனால் மூத்த பிள்ளையின் தாளை வைத்து இளைய பிள்ளைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். இரண்டு நாள் இடைவெளியில் நானே அதைச் செய்துவிட்டேன்.

2 பெப்ரவரி 2025

“அப்பிளைட் என்றால் குறைவு என்று யார் சொன்னது, இதெல்லாம் பெற்றோரின் கௌரவப் பிரச்சினை” என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். அண்ணா, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2012 பெப்ரவரி. மூத்தவன் தரம் 8. கணிதம், ஆங்கிலம், விஞ்ஞானம் மூன்றுக்கும் அப்பிளைட் என்று ரீச்சர் பரிந்துரை எழுதி, தாளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். எனக்கு அப்போது பேக்கரித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து படுக்கப் போகிற நேரம், மகன் தாளை நீட்டுகிறான். இவர் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். கணிதப் பிரிவு படித்தவர். அந்தக் காலத்தில் தூய கணிதம் ஒரு பாடம், பிரயோக கணிதம் ஒரு பாடம். பியூர் மற்ஸ், அப்பிளைட் மற்ஸ் என்றுதான் எல்லாரும் சொல்வது. இரண்டும் எடுக்கிறவன்தான் என்ஜினியர். தாளைப் பார்த்த இவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். “அப்பிளைட் மற்ஸ் குடுத்திருக்கிறாங்கள். பெடியன் கெட்டிக்காரன்.”

நானும் கையெழுத்துப் போட்டேன். நான் படித்தது உயிரியல் பிரிவு, கணிதச் சொல் எதுவும் இவர் சொன்னால் சரிதான்.

அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் வேறு பொருள் என்று எங்களுக்குத் தெரிய மூன்று வருடம் ஆனது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாமே தாளில் எழுதியிருந்தது. ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் நாங்கள். தெரிந்த சொல் என்று நினைத்ததால்தான் கேட்காமல் விட்டோம். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்போம்.

தரம் 9 கணிதத்தில் அவனுக்கு 81. றிப்போர்ட் அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தோம். தரம் 10இலும் அப்பிளைட், நல்ல புள்ளி. தரம் 11இல் பங்க்‌ஷன்ஸ் யு என்ற யூனிவேர்சிற்றிக் கணிதம் கேட்டுப் போனான். தரம் 10 அக்கடமிக் கணிதம் இல்லை, எடுக்க முடியாது என்றார்கள். அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது.

அப்பிளைட் குறைவா கூடவா என்பதில் எனக்கு வழக்கு இல்லை அண்ணா. அது ஒரு பாதை. பிள்ளை எந்தப் பாதையில் ஏறுகிறது என்று பிள்ளைக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதுதான் என் வழக்கு.

3 பெப்ரவரி 2025

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு மூத்தவன் தொலைபேசி எடுத்தான். கணிதம் 81 இல்லையாம், 84ஆம். திருத்தச் சொன்னான், திருத்தியாயிற்று.

5 பெப்ரவரி 2025

“அப்பிளைட்டில் போனால் கதவு மூடிவிடுமா” என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நான் எழுதிய விதத்தில் அப்படித்தான் தோன்றும். இல்லை, சுற்றுப்பாதை இருக்கிறது.

தரம் 10 அப்பிளைட் கணிதம் முடித்த பிள்ளை தரம் 11இல் எம் என்று முடியும் கணிதத்தை எடுக்கலாம். அதில் இருந்து தரம் 12இல் கொலிஜ் தொழில்நுட்பத்துக்கான கணிதம், அது சி. அதை முடித்தால் அட்வான்ஸ்ட் பங்க்‌ஷன்ஸ் யு எடுக்க விடுவார்கள். அதற்குப் பிறகோ அதனோடு சேர்த்தோ கல்குலஸ். கணக்குப் பார்த்தால் நேர்வழியில் போகிற பிள்ளையைவிட ஒரு பாடம் கூட, கோடைப் பள்ளியோ இரவுப் பள்ளியோ ஐந்தாவது வருடமோ தேவைப்படும். ஆனால் வழி வழிதான்.

மூத்தவன் காலத்தில் இன்னொன்றும் இருந்தது. தரம் 9 அப்பிளைட் கணிதத்தில் இருந்து அக்கடமிக்குக்கு மாற அரைக் கிரெடிற்றுக்கு ஒரு மாறுபாடம். கோடையில் முடித்துவிட்டுத் தரம் 10 அக்கடமிக்கில் போய் இருக்கலாம். அது இருந்தது என்றே எங்களுக்குப் பிறகுதான் தெரியும். 84 எடுத்த பிள்ளையிடம் இதை ஒரு ஆள் சொல்லியிருக்கலாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்காது.

விஞ்ஞானத்திலும் இதே கதைதான். தரம் 11 உயிரியல், இரசாயனம், பௌதிகம் யு வேண்டும் என்றால் தரம் 10 விஞ்ஞானம் டி ஆக இருக்க வேண்டும். என்ஜினியரிங் என்றால் பெரும்பாலும் தரம் 12இல் ஆங்கிலம், அட்வான்ஸ்ட் பங்க்‌ஷன்ஸ், கல்குலஸ், பௌதிகம், இரசாயனம் ஐந்தும் யு. கடைசியில் இருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் தரம் 10இல் என்ன எழுத்து வேண்டும் என்று தானாகத் தெரியும். நான் மகளோடு இருந்து அப்படித்தான் கீறினேன், கொப்பி ஒற்றையில், மேலே தரம் 12, கீழே தரம் 10.

9 பெப்ரவரி 2025

40 மணித்தியாலம். நாலு வருடம் இருக்கிறதுதானே என்று விட்டு, தரம் 12 மே மாதத்தில் ஓடித் திரிகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். தரம் 8 முடிந்த கோடையிலேயே தொடங்கலாம். எங்கள் மகள் அந்தக் கோடையில் முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் இரண்டு பின்னேரம் போய் 22 மணித்தியாலம் முடித்தாள். அங்கே ஒரு பருத்தித்துறை ஆச்சிக்கு இவள் பேப்பர் வாசித்துக் காட்டுவது. ஆச்சி போன வருடம் தவறிவிட்டா. மணித்தியாலம் முடிந்த பிறகும் மகள் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

எது செல்லாது என்பதையும் பாருங்கள். சம்பளத்துக்கு ஒரு ஆள் செய்கிற வேலையைச் செய்தால் செல்லாது. சித்தப்பாவின் பலசரக்குக் கடையில் பெட்டி அடுக்கியது செல்லாது, மூத்தவன் 15 மணித்தியாலம் எழுதிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். வீட்டு வேலை செல்லாது. பாட நேரத்தில் செய்தது செல்லாது, மதிய இடைவேளையில் செய்தால் சரி. மருந்து கொடுப்பது, வாகனம் ஓட்டுவது, மின் கருவி பிடிப்பது எல்லாம் விலக்கு. தமிழ் விழாக்களில் மண்டபம் ஒழுங்கு செய்ததை எங்கள் பள்ளிக்கூடம் ஏற்றது. ஆனால் ஒவ்வொரு கல்விச் சபைக்கும் தன் பட்டியல் இருக்கிறது, செய்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். செய்த இடத்துப் பொறுப்பாளரின் கையெழுத்தை அன்றன்றே வாங்குங்கள்.

16 பெப்ரவரி 2025

தமிழ் கிரெடிற் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அது முழுக் கிரெடிற்தான். சனிக்கிழமை வகுப்பு, 110 மணித்தியாலம், மற்றப் பாடம் போலவே புள்ளியும் றிப்போர்ட்டும். 30இல் சேரும். பழைய விதியில் படிக்கிற பிள்ளைக்கு அந்த மூன்று தொகுதிகளில் முதலாவதில் கட்டாயக் கிரெடிற்றாகவும் நிற்கும், சர்வதேச மொழி அதில் ஒன்று. மகள் அப்படித்தான் நிரப்பியிருக்கிறாள். புது விதிப் பிள்ளைக்கு விருப்பப் பாடமாகச் சேரும்.

யூனிவேர்சிற்றியின் ஆறில் சேருமா என்றால், யு என்று முடிகிற மேல் நிலையை முடித்திருக்க வேண்டும், அதன் பிறகும் துறைக்குத் துறை வேறுபடும். அதை நம்பி ஆறை ஐந்தாக்க வேண்டாம். ஏழாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

“கிரெடிற்றுக்காகத் தமிழ் படிப்பதா” என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஸ்காபரோவில் பெப்ரவரிச் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பதினைந்து வயதுப் பிள்ளை பனியில் நடந்து போய்த் திருக்குறளுக்குப் பொருள் எழுதுகிறது. எதற்காக வந்தாலும் வந்து இருக்கிறதே! மகள் அந்த முதியோர் இல்லத்து ஆச்சிக்கு வாசித்துக் காட்டியதும் அந்த வகுப்புத் தமிழில்தான்.

23 பெப்ரவரி 2025

இவருடைய தம்பி ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார், “நீங்கள் எல்லாரையும் பயப்படுத்துகிறீர்கள் அண்ணி, நாங்கள் கடைசி வருடத்தில்தான் எல்லாம் தீர்மானித்தோம்” என்று. தம்பி படித்தது தரம் 13 இருந்த காலம். ஓ.ஏ.சி. என்பார்கள். யூனிவேர்சிற்றிக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஐந்தாவது வருடம் ஒன்று இருந்தது. 2003இல் அதை நிறுத்தினார்கள், அந்த வருடம் தரம் 12 பிள்ளைகளும் ஓ.ஏ.சி. பிள்ளைகளும் ஒன்றாக வெளியே வந்து இடத்துக்கு அடிபட்டார்கள். அவருக்கு இருந்த அந்த ஒரு வருட மூச்சு இப்போது இல்லை. அவருடைய அனுபவம் உண்மை, ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இல்லை.

ஐந்தாவது வருடம் இப்போதும் வந்து படிக்கலாம், பலர் படிக்கிறார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

8 மார்ச் 2025

ஊரில் இருந்து நடுவில் வருகிற பிள்ளைகள் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் உறவுக்காரப் பையன் ஒருவன் வவுனியாவில் ஓ.எல். முடித்துவிட்டுப் பதினாறரை வயதில் வந்தான். சாதாரண தரப் பெறுபேறு, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை எல்லாம் கொண்டு வந்திருந்ததால் அதிபர் பார்த்து 16 கிரெடிற் சமமாகக் கொடுத்தார். மிச்சம் 14. தாள் இல்லாமல் வந்திருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பார் என்று தெரியாது. ஊரில் இருந்து வருகிறவர்களே, நகைநட்டை விட்டாலும் பள்ளிக்கூடத் தாளை விடாதீர்கள்.

அவன் விஷயத்தில் நான் படித்தவை: ஆங்கிலம் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பாடங்களில் மூன்று வரைக்கும் அந்த நாலு கட்டாய ஆங்கிலத்தில் சேரும், நாலாவது தரம் 12 ஆங்கிலமாக இருக்க வேண்டும். பிந்தி வருகிறவர்களுக்குத் தொண்டு மணித்தியாலம் எவ்வளவு என்பதை அதிபர் தீர்மானிப்பார். கட்டாயப் பாடங்களில் மூன்று வரைக்கும் அதிபர் மாற்றிக் கொடுக்கலாம், பிரெஞ்சு தெரியாத பையனுக்கு அது பெரிய உதவி. எழுத்தறிவுத் தேர்வு மட்டும் அவனுக்கும் உண்டு.

இதெல்லாம் கேட்டால்தான் கிடைத்தது. நான் போய் இருந்து கேட்டேன். 2012இல் கேட்காததை எல்லாம் சேர்த்துக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

9 மார்ச் 2025

இரவு யோசித்துக்கொண்டு படுத்தேன். “கேட்டால்தான் கிடைக்கும்” என்று சுலபமாக எழுதிவிட்டேன். கேட்பதற்குப் பகல் பொழுது வேண்டும். பாடத்தெரிவுக்கு ஆலோசனை சொல்கிற கைடன்ஸ் அறை மூன்று மணிக்குப் பிறகு இருக்காது. 2012இல் நான் காலை ஏழரைக்கு வந்து படுத்து மூன்றரைக்கு எழும்புகிறவள். இவர் இரண்டு வேலை. இப்போது எனக்குப் பகல் வேலை, தொலைபேசியில் கேட்கத் தெம்பும் இருக்கிறது. தெம்பு ஒரு நாளில் வருவதில்லை. அன்றைய என்னை இன்றைக்கு நான் குறை சொல்லப் போவதில்லை, உங்களில் இரவு வேலை செய்கிறவர்களையும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கணக்கு வைத்திருக்கிற மைபுளூபிரிண்ட் தளத்தில் எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை என்று காட்டும். இரவு இரண்டு மணிக்கும் அது திறந்திருக்கும்.

30 மார்ச் 2025

தரம் 11, 12 பிள்ளைகள் வைத்திருப்பவர்களுக்கு அவசரமாக. தரம் 11, 12இல் எடுக்கிற பாடம் ஒவ்வொன்றும், விட்டதும் தவறியதும் உட்பட, பெறுபேற்றுப் பத்திரத்தில் விழும். தப்ப ஒரே வழி, இடைக்கால றிப்போர்ட் வந்து ஐந்து பாட நாட்களுக்குள் பாடத்தை விடுவது. அதற்குள் விட்டால் எந்தத் தடமும் இருக்காது. ஆறாம் நாள் விட்டால் அப்போது இருந்த புள்ளியோடு பதியும்.

மூத்தவன் தரம் 11 பாடம் ஒன்றில் இடைக்காலத்தில் 43. “கடைசியில் ஏற்றுவான்” என்று இருந்தோம். கடைசியில் 48. கிரெடிற்றும் இல்லை, 48 மட்டும் தாளில் நின்றது. மறுபடி எடுத்தால் இரண்டும் தெரியும். நாளைக் குறித்து வையுங்கள். விடச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு தீர்மானியுங்கள்.

12 ஏப்ரல் 2025

மகள் இந்த வாரம் எழுத்தறிவுத் தேர்வு எழுதினாள். இப்போது கணினியில்தான். வாசித்து விளங்கிப் பதில் எழுதுவது, கருத்துச் சொல்லி ஒரு கட்டுரை. 300 எடுத்தால் தேர்ச்சி. அவளுக்குப் பயம் இல்லை, எனக்குத்தான்.

தவறினால் டிப்ளோமா போய்விடும் என்று பதறிய ஒரு அம்மாவுக்கு: போகாது. மறுபடி எழுதலாம். இல்லையென்றால் அதற்கென்றே தரம் 12இல் ஒரு எழுத்தறிவுப் பாடம் இருக்கிறது, அதில் தேறினால் அதுவே போதும், கிரெடிற்றும் கிடைக்கும். வவுனியாப் பையன் முதல் தடவை தவறி, அந்தப் பாடத்தால்தான் முடித்தான். அதை எடுத்த பிறகுதான் தனக்கு ஆங்கிலத்தில் பத்தி எழுத வந்தது என்கிறான்.

27 ஏப்ரல் 2025

24 கிரெடிற்றோடு படிப்பை விட்ட மகன், வயது 22, வீட்டில் சண்டை என்று எழுதிய அம்மாவுக்கு.

எடுத்த கிரெடிற் எதுவும் அழியாது அம்மா. 24 என்றைக்கும் 24தான். 18 வயதுக்கு மேல் வளர்ந்தோர் பள்ளி, இரவுப் பள்ளி, ஒன்லைன் எல்லாம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தவர்களுக்கு முன்னைய அறிவை மதிப்பிட்டுக் கிரெடிற் கொடுக்கிற முறையும் உண்டு, வேலை அனுபவம்கூட அதில் பயன்படும். 14 கிரெடிற்றில் ஒரு சான்றிதழ் இருக்கிறது, ஏழு கட்டாயம் ஏழு விருப்பம், ஆனால் 24 இருக்கிற பிள்ளை அங்கே நிற்க வேண்டாம். ஆறு பாடம்தானே.

வீட்டில் அவனோடு 6 என்ற எண்ணைப் பற்றிக் கதையுங்கள். 22 என்ற எண்ணைப் பற்றிக் கதைக்காதீர்கள்.

25 மே 2025

எழுதாமல் விட்ட ஒன்றை எழுத வேண்டும். சிலர் “மூத்தவன் என்ன ஆனான்” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

அவன் எலக்ட்ரிஷன். தரம் 12இல் கோ-ஒப் (வேலை இடத்தில் பழகிக் கிரெடிற் எடுக்கிற பாடம்) எடுத்தான், அதன் வழியாகவே பயிலுநராகப் பதிந்துவிடுகிற திட்டம் ஒன்று ஒன்ராறியோவில் இருக்கிறது, பள்ளியில் படித்துக்கொண்டே. டிப்ளோமா எடுத்து, 9,000 மணித்தியாலம் முடித்து, பரீட்சை எழுதி, இப்போது சான்றிதழ் உள்ள ஆள். என்னையும் இவரையும் சேர்த்தால் வருகிறதைவிடக் கூட உழைக்கிறான். இதை முதலே சொல்லியிருந்தால், “பிறகென்ன, எல்லாம் நல்லதுக்குத்தான்” என்று எழுதுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவனிடம் கேட்டேன். பதின்மூன்று வருடமாகக் கேட்காத கேள்வி. “உனக்கு நாங்கள் அநியாயம் செய்துவிட்டமோ?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வேலை பிடித்திருக்கிறது, அக்கடமிக்கில் போயிருந்தாலும் இதற்குத்தான் வந்திருப்பேனோ தெரியாது என்றான். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. “ஆனா அம்மா, தரம் 11இல அந்த ஒபீசுக்கு நான் தனியத்தான் போனனான். அவை இல்லை எண்டு சொல்லேக்க, எனக்கு மற்ஸ் வராது எண்டுதான் சொல்லினம் எண்டு நினைச்சன். 84 எடுத்தும் எனக்கு வராது எண்டு. அதைக் கன வருசம் நம்பினன்.”

முன்தேவைப் பாடம் இல்லை என்ற ஒரு விதியை, உனக்கு மூளை இல்லை என்று பிள்ளை கேட்டிருக்கிறான். பதினாறு வயது. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. நாங்கள் இதுவரை நினைத்து வருந்தியது அவன் என்ஜினியர் ஆகவில்லை என்று. அவன் சுமந்தது வேறு.

தொழில்வழியில் போகிற பிள்ளைகளின் பெற்றோருக்கு இதையும் சொல்கிறேன். அதுவும் தெரிந்து ஏற வேண்டிய பாதைதான். கட்டடம், உடல்நலம், வாகனம் என்று ஒரு துறையை வைத்துப் பாடங்களையும் கோ-ஒப்பையும் தொகுத்து, டிப்ளோமாவில் தனி முத்திரையோடு தருகிற திட்டம் இருக்கிறது. கொலிஜ் பாடத்தை ஹைஸ்கூலில் இருந்தே எடுத்து இரண்டு பக்கமும் கணக்கில் சேர்க்கிற இரட்டைக் கிரெடிற் இருக்கிறது. கணிதம் நல்லாக இருந்தால்தான் எலக்ட்ரிஷன் பரீட்சையும் தேறலாம். மூத்தவன் இப்போது மின்சுமை கணக்குப் போடுகிற வேகத்தை இவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதுதானே உண்மையான அப்பிளைட் மற்ஸ் என்பார்.

15 ஜூன் 2025

மகளின் தரம் 11 தெரிவை உறுதிப்படுத்தும் தாள் வந்தது. நாங்கள் போட்டது பங்க்‌ஷன்ஸ் யு. தாளில் எம் என்று இருக்கிறது. ஒரு எழுத்து. மற்ற ஏழும் சரி.

நாளை மறுநாள் பள்ளிக்கூடம் போகிறேன். வேலையில் சொல்லிவிட்டேன்.

17 ஜூன் 2025

போனோம். மூத்தவன் அரை நாள் லீவு போட்டு வேலைச் சப்பாத்தோடு வந்துவிட்டான். நான் கூப்பிடவில்லை. அதே பள்ளிக்கூடம், அதே அறை, ஆட்கள் வேறு. பதிவில் ஏற்றும்போது பிழை விட்டிருக்கிறார்கள், மன்னிப்புக் கேட்டுத் திருத்தித் தந்தார்கள். பதினைந்து நிமிடம். மகள்தான் கதைத்தாள், நாங்கள் இரண்டு பேரும் பின்னால் கதிரையில் இருந்தோம்.

தங்கச்சி, உங்கள் மகனுக்கு என்ன வந்தது என்று எழுதவில்லையே. கணிதமும் விஞ்ஞானமும் டி என்று நிரப்பியதாகச் சொன்னீர்கள். உறுதித் தாள் வந்திருக்கும். எடுத்துப் பாருங்கள், கடைசி எழுத்து.